தங்கம் போன பிறகு மிஞ்சுவது: சயனைடும் பாதரசமும் எத்தனை காலம் தங்கும்?

ஒரு டன் பாறையை அரைத்து இரண்டு மூன்று கிராம் தங்கம் எடுக்கிற சுரங்கங்கள் இன்று லாபத்தில் ஓடுகின்றன. அந்தச் சில கிராம் பெட்டகத்துக்குப் போய்விடும். மீதி டன், அதில் கலந்த ரசாயனத்தோடு சேறாக அங்கேயே கிடக்கும். அந்தச் சேற்றைப் பற்றி வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றைத்தான் சுற்றி வருகின்றன: "இது எத்தனை நாளில் போகும்?" ஒற்றை எண்ணில் பதில் சொல்ல முடிந்தால் எனக்கும் வேலை மிச்சம். முடியாது என்பதால்தான் இவ்வளவு நீளம்.

தங்கத்தைப் பிரிக்க என்னென்ன ரசாயனம் போடுகிறார்கள்?

முக்கியமானவை இரண்டு. பெரிய ஆலைகளில் சோடியம் சயனைடு. கையால் தோண்டிச் சலிக்கும் சிறு சுரங்கங்களில் பாதரசம்.

சயனைடு முறைக்கு 1887-இல் கிளாஸ்கோவில் மக்கார்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் காப்புரிமை வாங்கினார்கள். மாவாக அரைத்த தாதுவைச் சயனைடு கரைசலில் ஊறவிட்டுக் காற்றடித்தால், ஆக்சிஜனின் துணையோடு தங்கம் கரைந்து நீருக்குள் வந்துவிடும். கரைசல் அப்படியொன்றும் அடர்த்தியானதல்ல. பத்தாயிரம் பங்கு நீருக்கு ஒன்றிலிருந்து ஐந்து பங்கு சயனைடு, அவ்வளவுதான்.

பாதரச முறை அதைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. பாதரசம் தங்கத் துகளைக் கவ்விக்கொண்டு ரசக்கலவையாக உருளும். அதைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிப் போய்த் தங்கம் மிஞ்சும். அடுப்பும் தட்டும் இருந்தால் போதும் என்பதால்தான் இன்னும் ஒழியவில்லை.

சுண்ணாம்பு, சாந்தேட்டு, ஈய நைட்ரேட்டு என்று சில்லறைச் சரக்குகளும் உண்டு. இங்கே அவற்றை விட்டுவிடுகிறேன்.

சயனைடு சில நாளில் அழியும் என்கிறார்கள், பல பத்தாண்டு இருக்கும் என்கிறார்கள். எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். சொல்கிறவர் எந்த இடத்துச் சயனைடைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது.

வெயில் விழும் ஆழமற்ற குட்டையில் நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ கணிசமாகக் குறைந்துவிடும். அதே குட்டை குளிர்நாட்டில் இருந்து, மேலே பனிக்கட்டி மூடிக்கொண்டால், குளிர்காலம் முழுக்க ஏறக்குறைய அப்படியே இருக்கும். கழிவுச் சேற்றின் அடியில், காற்றும் வெளிச்சமும் புகாத இடத்தில், ஆண்டுக்கணக்கு. இரும்போடு பிணைந்து மண்ணுக்குள் போய்விட்டால் பல பத்தாண்டுகள்.

சயனைடு ஒரு சேர்மம். ஒரு கரி அணுவும் ஒரு நைட்ரஜன் அணுவும் கைகோத்து நிற்பது, அவ்வளவே. கையைப் பிரித்துவிட்டால் அது சயனைடு இல்லை. ஆகவே அதை அழிக்க முடியும் என்பது உறுதி. வெயிலும் காற்றும் நுண்ணுயிரும் அதன்மேல் படுமா என்பதுதான் விஷயம். பாதரசத்துக்கு இந்த வழியே கிடையாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வெயில் பட்டால் தானாகவே போய்விடும் என்று சுரங்கக்காரர்கள் சொல்வது உண்மையா?

பாதி உண்மை. "போய்விடும்" என்ற சொல்லுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஆலையில் கரைசலைப் பிஎச் (அமிலமா காரமா என்று சொல்லும் அளவு) 10.5-க்குப் பக்கத்தில், நல்ல காரமாக வைத்திருப்பார்கள். சுண்ணாம்பு கொட்டுவது அதற்காகத்தான். அந்த நிலையில் சயனைடில் 95 சதவீதம் கரைசலிலேயே அயனியாக அடங்கிக் கிடக்கும். பிஎச் 9.2-க்கு இறங்கினால் பாதி, ஹைட்ரஜன் சயனைடாக மாறிவிடும். பிஎச் 7, அதாவது சாதாரண நீர் போல ஆனால், 99 சதவீதத்துக்கு மேல் ஹைட்ரஜன் சயனைடுதான். அது 26 டிகிரியிலேயே கொதித்துவிடும் பொருள். ஒரு வெப்பமான பகல் போதும்.

இப்போது குட்டையை நினைத்துப் பாருங்கள். காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல மெல்ல நீரில் கரைகிறது. பிஎச் இறங்குகிறது. காற்று அலைக்க அலைக்க ஹைட்ரஜன் சயனைடு மேலெழுந்து போகிறது. "தானாகவே குறைந்தது" என்று பதிவேட்டில் ஏறும் அளவில் பெரும்பங்கு இப்படிப் பறந்துபோனதுதான். திறந்தவெளியில் சீக்கிரமே நீர்த்துவிடுவதால் தூரத்தில் இருப்பவருக்கு ஆபத்தில்லை. ஆனால் "அழிந்தது" என்று எழுதுவதும் "இடம் மாறியது" என்று எழுதுவதும் ஒன்றல்ல.

ஆலைக்குள் யாராவது கைதவறி அமிலத்தைச் சயனைடு தொட்டியில் கொட்டினால் என்ன நடக்கும் என்பதும் இதே கணக்கில் அடக்கம். வாரக்கணக்கில் நடப்பது நொடிக்கணக்கில் நடந்துவிடும்.

நிஜமாகவே சிதைந்தால் என்னவாக மாறுகிறது?

முதலில் சயனேட்டு. அதன் நச்சு சயனைடோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. பிறகு அம்மோனியா, கடைசியில் நைட்ரேட்டு. தாதுவில் கந்தகம் இருந்தால் ஒரு பகுதி தயோசயனேட்டாகும். இது நீரில் சயனைடைவிட நெடுநாள் தாக்குப்பிடிக்கும்.

இடையில் வரும் அம்மோனியாவை யாரும் கண்டுகொள்வதில்லை. சயனைடு அளவு இறங்கிய பிறகும் குட்டை நீரில் மீன் பிழைக்கவில்லை என்றால் முதலில் அதைச் சந்தேகிக்கலாம்.

இரும்போடு சேர்ந்தால் ஆபத்து தீர்ந்ததா?

இரும்பு சயனைடை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஃபெரோசயனைடு என்று பெயர். உப்பு கட்டி தட்டாமல் இருக்க மிகச் சிறிய அளவில் இதையேதான் சேர்க்கிறார்கள் என்றால் அதன் சாதுத்தனம் புரியும். செம்பு, துத்தநாகம், நிக்கல் ஆகியவற்றோடு சேரும் சயனைடு இப்படியல்ல. கொஞ்சம் அமிலம் பட்டாலே பிடி தளர்ந்துவிடும்.

ஆனால் இரும்புச் சயனைடுக்கு ஒரு பலவீனம் உண்டு: வெயில். புறஊதாக் கதிர் பட்டால் பிணைப்பு அறுந்து சயனைடு வெளியே வந்துவிடும். மேலோட்டமான, தெளிந்த நீரில் நண்பகலில் அளந்தால் ஒரு அளவு, இரவில் அளந்தால் இன்னொன்று வருவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். வெயில் சயனைடை அழிக்கும் என்பதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு, அதே வெயில் சயனைடை விடுவிக்கவும் செய்யும் என்பது அதிர்ச்சியாக இருக்கும்.

வெளிச்சம் படாத மண்ணுக்குள் நிலைமை வேறு. அங்கே இரும்போடு மேலும் சேர்ந்து பிரஷ்யன் நீலம் என்ற திடப்பொருளாகப் படிந்துவிடும். ஓவியர்கள் குழைக்கும் அதே நீலம். நிலக்கரி எரிவாயு தயாரித்த பழைய ஆலைகளின் மண்ணைத் தோண்டும்போது, ஆலை மூடிப் பல பத்தாண்டு கழித்தும் நீலநீலமாகக் கட்டிகள் வருவதுண்டு. தங்கச் சுரங்கக் கழிவுக்கும் அதே வேதியியல்தான். அமில மண்ணில் அசையாமல் கிடக்கும். மண் காரமானால் மெல்லக் கரையத் தொடங்கும். அமிலமாகிப்போன பழைய கழிவுமேட்டைத் திருத்துகிறோம் என்று கண்ணை மூடிக்கொண்டு சுண்ணாம்பைக் கொட்டினால், உறங்கிக்கொண்டிருந்ததை எழுப்பிவிட்ட கதையாகிவிடும்.

சோதனை அறிக்கையில் மூன்று விதச் சயனைடு போட்டிருக்கிறது. எதைப் பார்ப்பது?

மூன்றையும். இந்த ஒரு இடத்தில் அவசரப்படாமல் படியுங்கள், ஏனென்றால் ஏமாற்றுகிறவர்கள் இங்கேதான் ஏமாற்றுகிறார்கள்.

"தனிச் சயனைடு" என்பது அயனியாகவும் ஹைட்ரஜன் சயனைடாகவும் இருப்பது. இப்போதே கொல்லக்கூடியது. "வாட்" என்று சுருக்கி எழுதியிருப்பது, லேசான அமிலத்தில் பிரியக்கூடியது. தனிச் சயனைடும், செம்பு துத்தநாகம் போன்றவை தளர்வாகப் பிடித்திருப்பதும் இதில் அடக்கம். சூழல் கொஞ்சம் மாறினால் கொல்லக்கூடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். "மொத்தச் சயனைடு" என்பது இரும்பு பிடித்திருப்பதையும் சேர்த்தது.

ஒரு கற்பனை அறிக்கையை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்குத் தனி 0.1, வாட் 0.8, மொத்தம் 12 மி.கி. முதல் எண்ணை மட்டும் தடித்த எழுத்தில் போட்டு "பெரும்பகுதி நீங்கிவிட்டது" என்று அறிக்கை விடலாம், பொய்யில்லை. ஆனால் 11 மி.கி.-க்கு மேல் இரும்போடு பிணைந்து காத்திருக்கிறது. அந்த நீர் ஒரு வெயில் குட்டைக்குப் போகிறதா, மண்ணுக்கடியில் போகிறதா என்று தெரியாமல் மகிழ வேண்டாம்.

இன்னொன்று, மாதிரியை எப்படி எடுத்தார்கள் என்று கேளுங்கள். எடுத்த உடனே காரம் சேர்த்துப் பிஎச் 12-க்கு மேல் ஏற்றி, ஒளிபுகாத புட்டியில் அடைத்துக் குளிரில் வைத்திருக்க வேண்டும். அப்படியே தெளிந்த புட்டியில் அள்ளி, வண்டியில் வெயிலில் போட்டுக் கொண்டுபோனால், சோதனைக்கூடம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

ஒரேயடியாக ஆற்றில் கலந்துவிட்டால்?

அது நடந்திருக்கிறது. 2000 ஜனவரி 30 அன்று ருமேனியாவின் பாயா மாரே நகருக்கு அருகே, மழையும் உருகிய பனியும் சேர்ந்து ஒரு கழிவு அணை உடைந்தது. சுமார் 1,00,000 கன மீட்டர் நீர், அதில் 50 முதல் 100 டன் வரை சயனைடு. சோமேஷ் ஆற்றில் இறங்கி, ஹங்கேரியின் திஸா வழியாக டான்யூப்பைப் பிடித்து, ஏறத்தாழ நான்கு வாரத்தில் 2,000 கி.மீ. கடந்து கருங்கடல் முகத்துவாரம் வரை போனது. ஹங்கேரியில் மட்டும் 1,200 டன்னுக்கு மேல் மீன் செத்ததாகக் கணக்கிட்டார்கள். காலம் குளிர்காலம், வெயில் குறைவு, ஆற்றின் மேல் பனிக்கட்டி. மேலே சொன்ன "தானாகவே குறைதல்" எதுவும் அங்கே கைகொடுக்கவில்லை.

நச்சு அலை கடந்த இடத்தில் மிதவை உயிரிகள் மொத்தமாக மடிந்தன; ஆனால் மேலிருந்து புதுநீர் வர வர, விரைவிலேயே திரும்பியும் வந்தன. சயனைடின் குணம் அது. வரும், கொல்லும், போகும். கூடவே வந்த கன உலோகங்கள் அப்படிப் போகவில்லை, ஆற்றுப்படுகையில் படிந்தன. அடுத்த மார்ச்சிலேயே அதே பகுதியில் பாயா போர்ஷாவில் இன்னொரு அணை உடைந்து சுமார் 20,000 டன் உலோகச் சேறு இறங்கியது. அதில் சயனைடு பிரச்சினையே இல்லை. அதனால் அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

சயனைடு மீனின் உடம்பில் சேர்ந்து, அதைச் சாப்பிடுகிறவருக்கு வருமா?

சேர்ந்துகொண்டே போகாது. உயிரினங்களின் உடல் சயனைடைத் தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். அளவு உடலின் வேகத்துக்குள் இருந்தால் பிழைக்கும், மீறினால் சாகும். இயற்கையே பல செடிகளின் விதையிலும் கிழங்கிலும் சயனைடை வைத்திருக்கிறது. அதனால் உயிர்களுக்கு இது முற்றிலும் அந்நியமல்ல.

மீனுக்கு இந்த வேகம் போதாது. லிட்டருக்கு 0.05 முதல் 0.2 மி.கி. வரையே பல இனங்களைக் கொன்றுவிடும். பறவைகளுக்கு வேறு கணக்கு. கழிவுக் குட்டையின் திறந்த நீரில் வாட் சயனைடு லிட்டருக்கு 50 மி.கி.-ஐத் தாண்டக் கூடாது என்று பன்னாட்டுச் சயனைடு மேலாண்மை விதிமுறை சொல்வது, நீரைக் குடிக்க இறங்கும் பறவைகளை மனதில் வைத்துத்தான். பாயா மாரேவுக்குப் பிறகு பிறந்த விதிமுறை அது. சேர்வதும் சேராததும் சுரங்கங்களின் விருப்பம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நிலத்தடி நீருக்குள் போய்விட்டால்?

அங்கே சயனைடுக்கு ஆயுள் அதிகம். வெளிச்சம் கிடையாது, ஆவியாக வழி கிடையாது, ஆக்சிஜன் சொற்பம். காற்றுள்ள இடத்து நுண்ணுயிர்கள் சயனைடைத் தின்னும் வேகம் காற்றில்லா இடத்து நுண்ணுயிர்களுக்கு இல்லை. கொஞ்சம் அளவு கூடினாலே அவை செத்துவிடும். மண்ணில் இரும்பு நிறைய இருந்தால் சயனைடு அதில் சிக்கும், வெறும் மணலாக இருந்தால் நீரோடு நகரும். அதனால்தான் கழிவுக் குட்டைக்கு அடியில் விரித்த தாளில் விழும் ஒரு கிழிசல், மேலே நடக்கும் சிறு வழிசலைவிட எனக்குப் பயமாகத் தெரிகிறது. வழிசல் கண்ணுக்குத் தெரியும்.

சரி, பாதரசம் எத்தனை ஆண்டு இருக்கும்?

எப்போதும்.

அது ஒரு தனிமம். உடைக்க அதற்குள் எந்தப் பிணைப்பும் இல்லை. வெயில், காற்று, நுண்ணுயிர், அமிலம், நெருப்பு எது பட்டாலும் வடிவம் மாறுமே தவிர அணு ஒன்றுகூடக் குறையாது. உலோகமாக இருந்தது ஆவியாகும், ஆவி உப்பாகும், உப்பு சேற்றில் கந்தகத்தோடு சேர்ந்து படியும், அங்கிருந்து மீண்டும் கிளம்பும். எனவே பாதரசத்துக்கு "எத்தனை ஆண்டு" என்று கேட்பதைவிட "இப்போது எங்கே, எந்த வடிவில்" என்று கேட்பதுதான் உதவும்.

இதற்கு உதாரணம் உண்டா? நூறாண்டு பழைய பாதரசம் இன்னுமா இருக்கும்?

கலிபோர்னியாவில் இருக்கிறது. 1848-இல் அங்கே தங்கம் கிடைத்தது. பின்னாளில் பீரங்கி போன்ற குழாய்களில் நீரைப் பீய்ச்சி மலைகளையே கரைத்தார்கள். கரைந்து வரும் சரளையும் மண்ணும் நீண்ட மரக் கால்வாய்களில் ஓடும். அடியில் பாதரசத்தை ஊற்றி வைத்திருப்பார்கள், தங்கம் அதில் சிக்கும். சரளைக்கற்கள் மோத மோதப் பாதரசம் பொடிப்பொடித் துளிகளாகச் சிதறும். "மாவாகிவிட்டது" என்பார்கள். மாவானது நீரில் மிதந்து போய்விடும். ஒரு பருவத்துக்குள் ஊற்றியதில் பத்து முதல் முப்பது சதவீதம் இப்படித் தொலைந்தது.

ஆற்றை மண் மூடி விளைநிலங்கள் பாழானதால் 1884-இல் நீதிபதி சாயரின் தீர்ப்பு அந்த வேலையை முடக்கியது. பாதரசத்தால் அல்ல, மண்ணால். மொத்தத்தில் ஆற்றுமணல் சுரங்கங்களிலிருந்து சுமார் 4,500 டன் பாதரசம் வெளியே போனது என்பது மதிப்பீடு.

சியரா நெவாடா மலைச்சரிவு ஓடைகளில் இன்றும் தட்டில் மணலை அரிக்கிறவர்களுக்குச் சில சமயம் அது தென்படும். பாறை இடுக்கைச் சுரண்டி எடுத்த மண்ணைச் சுழற்றச் சுழற்ற, லேசான மணல் போகும், கருமணல் போகும், கடைசியில் தட்டின் ஓரத்தில் கடுகளவு வெள்ளி முத்து ஒன்று நடுங்கிக்கொண்டு நிற்கும். தட்டைச் சாய்த்தால் ஓடும். நூற்றைம்பது ஆண்டுக்கு முன் யாரோ ஊற்றியது. அந்த ஆறுகள் போய்ச்சேரும் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் எந்த மீனை எவ்வளவு உண்ணலாம் என்ற எச்சரிக்கை இப்போதும் நடப்பில் இருக்கிறது.

உலோகப் பாதரசத்தை விழுங்கினால்கூட ஒன்றும் ஆகாது என்கிறார்கள். பிறகு ஏன் பயம்?

விழுங்கினால் குடல் வழியே கிட்டத்தட்ட முழுவதும் அப்படியே வெளியேறிவிடும் என்பது சரி. அதையே ஆவியாக மூச்சில் இழுத்தால் சுமார் 80 சதவீதம் இரத்தத்தில் கலக்கும். வாய்க்கும் மூக்குக்கும் இடையே அவ்வளவு தூரம்.

இன்னும் பெரிய விஷயம் மூன்றாவது வடிவம். குளத்தடி, சதுப்பு, அணைக்கட்டின் அடிச்சேறு போன்ற ஆக்சிஜன் குறைந்த இடங்களில் வாழும் சில பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது உடலில் ஒட்டிக்கொள்ளும். பாசியிலிருந்து பூச்சிக்கு, பூச்சியிலிருந்து சிறு மீனுக்கு, அங்கிருந்து பெரிய மீனுக்கு என்று படிக்குப் படி கூடும். நீரில் அளக்கவே திணறும் அளவு, வேட்டை மீனின் சதையில் பத்து லட்சம் மடங்குவரை ஏறியிருக்கும். மனித உடலில் பாதி வெளியேறவே 50 முதல் 70 நாள் ஆகும். இடையில் மறுபடி மறுபடி மீன் உண்டால் எப்போது குறைவது? கருவிலிருக்கும் குழந்தையின் மூளைக்குத்தான் முதல் அடி.

ஆகவே "ஆற்றுநீரைச் சோதித்தோம், பாதரசம் இல்லை" என்பது பதிலே ஆகாது. சேற்றையும் மீனையும் சோதித்தார்களா என்று கேளுங்கள்.

ரசக்கலவையைச் சுட்டால் பாதரசம் காற்றோடு போய்விடுகிறதே, அந்த இடம் சுத்தமாகிவிடாதா?

முதலில், எல்லாம் போவதில்லை. சுட்டு எடுத்த தங்கப் பொத்தானுக்குள்ளும் சில சதவீதம் மிஞ்சும். தங்கம் வாங்குகிறவர் அதை மீண்டும் உருக்கும்போது அவருடைய கடைக்குள் அது வெளியேறும்.

அடுத்து, போனதில் ஒரு பங்கு அக்கம்பக்கத்துக் கூரையிலும் மண்ணிலுமே இறங்கிவிடும். மீதி மாதக்கணக்கில், ஓராண்டு வரைகூடக் காற்றில் சுற்றும். அதற்கு எல்லைக்கோடு தெரியாது. அமேசானில் சுரங்கங்களை ஒட்டிய காடுகளில் மர இலைகள் காற்றிலுள்ள பாதரசத்தை உறிஞ்சி, மழையிலும் உதிர்விலும் மண்ணுக்கு இறக்கிவிடுவதை அளந்திருக்கிறார்கள். தோண்டாத காட்டு மண்ணிலும் பாதரசம் ஏறுவது இப்படித்தான். மனிதர் காற்றில் விடும் பாதரசத்தில் மிகப் பெரிய பங்கு சிறு தங்கச் சுரங்கங்களுடையதே. 2015-ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 38 சதவீதம், 800 டன்னுக்கு மேல். அனல்மின் நிலையங்களைவிட அதிகம்.

மூடிய வாலையில் (வடிகலத்தில்) வைத்துச் சுட்டால் ஆவியைக் குளிரவைத்துப் பெரும்பகுதியைத் திரும்பப் பிடிக்கலாம். கருவி எளிதுதான். தங்கம் உள்ளே எப்படி மாறுகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது என்பதால் பலர் நம்புவதில்லை. வாழ்நாள் உழைப்பை மூடிய பெட்டிக்குள் வைக்கச் சொன்னால் யாருக்கும் தயக்கம் வரும்.

பாதரசம் போட்ட கழிவைச் சயனைடில் மறுபடி ஊறவைக்கிறார்களாமே?

செய்கிறார்கள். பாதரசம் தவறவிட்ட தங்கத்தைச் சயனைடு பிடித்துவிடும். ஆனால் சயனைடு பாதரசத்தையும் கரைத்துவிடும். சேற்றில் கனமாகப் படிந்து கிடந்தது, நீரோடு ஓடக்கூடிய பாதரசச் சயனைடு ஆகிறது. தனித்தனியாக வைத்தால் ஒன்று போய்விடும், மற்றது அசையாது. சேர்த்தால் அசையாதது அசைகிறது. ஈக்வடாரின் புயாங்கோ ஆற்றுப் பகுதியில் இந்தக் கூட்டு வெகுகாலமாகக் கவலையாக இருக்கிறது. மினமாட்டா உடன்படிக்கை இதைப் பெயர் சொல்லி ஒழிக்கச் சொல்கிறது. 2013-இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை அது. முழுத் தாதுவிலும் பாதரசம் கொட்டுவது, திறந்த நெருப்பிலும் வீட்டுப் பகுதியிலும் சுடுவது ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு.

ஆலை சேர்க்காத, பாறையிலிருந்தே வரும் நஞ்சு உண்டா?

உண்டு. பல சுரங்கங்களில் கடைசிவரை நிற்பது அதுதான்.

தங்கம் பெரும்பாலும் ஆர்செனிக், கந்தகத் தாதுக்களோடு கூடிப் பிறக்கிறது. கனடாவின் எல்லோநைஃப் நகரை ஒட்டிய ஜயன்ட் சுரங்கம் 1948-இல் தங்கம் எடுக்கத் தொடங்கியது. அங்கே தங்கத்தை விடுவிக்கத் தாதுவை வறுத்தார்கள். வறுத்தபோது ஆர்செனிக் டிரையாக்சைடு தூளாக வந்தது. சேர்ந்தது 2,37,000 டன். நீரில் கரையும் வெள்ளைத் தூள். அழிக்க வழியில்லாமல் நிலத்தடி அறைகளில் அடைத்து, சுற்றியுள்ள பாறையையே குளிர்குழாய்களால் உறையவைத்துப் பூட்டுகிறார்கள். எத்தனை ஆண்டுக்கு என்றால், காலக்கெடு இல்லை. சுரங்கம் நடந்தது அறுபது ஆண்டுகூட இல்லை.

கந்தகத் தாதுவின் கதை இன்னொரு மாதிரி. அரைத்துக் காற்றில் போட்டால் மழைநீர் பட்டுக் கந்தக அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்டில் கைவிட்ட தங்கச் சுரங்கங்கள் நீர் நிரம்பி, 2002-இல் மேற்குப் படுகையில் அந்த அமிலநீர் தரைக்கு வழிந்தது. சயனைடு எப்போதோ மறைந்துவிட்ட இடம் அது.

ஆலையிலேயே சயனைடை அழித்துவிட முடியாதா?

முடியும், முறைகள் பழகியவை. செம்பு வினையூக்கியோடு கந்தக டையாக்சைடும் காற்றும் செலுத்துவது ஒன்று. ஹைட்ரஜன் பெராக்சைடு இன்னொன்று. இரண்டும் தனி, வாட் சயனைடைச் சயனேட்டாக்கிவிடும். இரும்புச் சயனைடை உடைக்காது, படியவைத்துப் பிரிக்க மட்டும் செய்யும். அந்தப் படிவு எங்கே போகிறது என்று கேட்டால் பெரும்பாலும் அதே அணைக்குத்தான்.

எனக்குப் பிடித்தது தெற்கு டகோட்டாவின் ஹோம்ஸ்டேக் சுரங்கம் 1984-இல் செய்தது. சுழலும் வட்டுகளில் பாக்டீரியாவை வளர்த்து, சயனைடையும் தயோசயனேட்டையும் அவற்றுக்குத் தீனியாக்கி, வரும் அம்மோனியாவையும் நைட்ரேட்டாக்கி ஓடையில் விட்டார்கள்.

மாற்று ரசாயனம்?

தயோசல்பேட்டு வணிக அளவில் நெவாடாவில் ஓடியிருக்கிறது. எல்லாத் தாதுவுக்கும் ஒத்துவராது. தயோயூரியா புற்றுநோய்ச் சந்தேகப் பட்டியலில் இருக்கிறது. பாதரசத்துக்குப் பதில் வெண்காரம் போட்டு உருக்கும் முறையைப் பிலிப்பைன்ஸின் பெங்கெட் பகுதிச் சிறு சுரங்கக்காரர்கள் நெடுநாளாகக் கையாள்கிறார்கள். முதலில் தாதுவை நன்றாகச் செறிவாக்கத் தெரிய வேண்டும்.

சயனைடைத் தடை செய்தால் முடிந்துவிடாதா?

சில இடங்களில் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மொன்டானா மாநிலம் 1998-இல் வாக்கெடுப்பில் புதிய திறந்தவெளிச் சயனைடுச் சுரங்கங்களைத் தடுத்தது. ஹங்கேரி 2009-இல் தடைச் சட்டம் போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் தடை போடாமல், அணைக்குள் விடும் கழிவில் வாட் சயனைடு வரம்பைப் படிப்படியாக 10 மி.கி. வரை இறக்கியது. என் கணக்கில், பெரிய ஆலையில் கண்காணிப்போடு ஓடும் சயனைடைவிட, கண்காணிக்க ஆளில்லாத ஓடைக்கரைப் பாதரசம்தான் பேரப்பிள்ளைகளுக்கு மிஞ்சும் கடன். ஆனால் சயனைடு என்ற சொல்லுக்கு இருக்கும் பயம் பாதரசத்துக்கு இல்லை. வெப்பமானியில் பார்த்துப் பழகிவிட்டோம்.

பழைய கழிவுமேட்டுக்குப் பக்கத்தில் கிணறு இருக்கிறது. என்ன சோதிக்கச் சொல்வது?

மொத்தச் சயனைடு, வாட் சயனைடு, ஆர்செனிக், பாதரசம், ஈயம், பிஎச், சல்பேட்டு. மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை. மேடு காய்ந்து தூள் பறந்தால், கிணற்றைவிட அந்தத் தூசு முக்கியமாகவும் இருக்கலாம். குழந்தைகள் அங்கே விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாமா?

கூடாது. தனிச் சயனைடு இருந்தால் ஆவியாகி அடுப்பங்கரைக்குள் நிற்கும். இரும்போடு இருப்பது போகாது. ஆர்செனிக்கும் ஈயமும் அப்படியே இருக்க, தண்ணீர்தான் வற்றும். ஆகவே ஒவ்வொரு கொதிக்கும் அவற்றின் அடர்த்தி கூடும்.